உறைக்கு ஒரு துண்டு

லக்ஷனுக்கு இரண்டு அம்மாக்கள். அப்படித்தான் அவன் நெடுநாளாக நம்பிக்கொண்டிருந்தான்.

ஒருவர், முன்னறைச் சுவரில் கலியாணப் படத்துக்குள் இருக்கும் பட அம்மா. மற்றவர், வெள்ளிக்கிழமைகளில் அப்பாவின் கைத்தொலைபேசியில் வரும் போன் அம்மா. பட அம்மாவுக்குத் தலை நிறையப் பூ. போன் அம்மாவுக்குத் தலையில் முக்காடு. பட அம்மா பேசவே மாட்டார். போன் அம்மா பேசிக்கொண்டே இருப்பார். திடீரென்று வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றுவிடுவார்.

"ரெண்டும் ஒராள்தான்டா" என்று அக்கா கஜேந்தினி எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். ஐந்து வயது லக்ஷன் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போனபோது அவனுக்கு இரண்டு வயதுதான்.

கஜேந்தினிக்கு அப்போது எட்டு, இப்போது பதினொன்று. அவளுக்கு அம்மா ஒருவர்தான். ஆனால் அம்மாவின் குரலை நினைத்துப் பார்த்தால், போனில் வரும் குரல்தான் காதில் கேட்டது. முன்பு குசினிக்குள் சமைத்தபடி நின்று தன்னைக் கூப்பிட்ட குரல் எப்படி இருந்தது என்பது மெல்ல மெல்ல மறந்துகொண்டு வந்தது. அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

போன பங்குனியில் அம்மா ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். உடுப்புகள், சவர்க்காரம், லக்ஷனுக்கு ஒரு சிவப்புக் கார். எல்லாவற்றுக்கும் அடியில், துவாயில் சுற்றியபடி ஒரு சொக்லேற். அதில் பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சின்னதாக ஒரு பேரீச்ச மரம். அது மினுங்கிய மினுக்கத்தில் கஜேந்தினி தன் மூக்கைப் பார்த்தாள்.

"இதே மாதிரி ஒண்டு என்னட்டையும் இருக்கு பிள்ளை" என்றார் அம்மா, அந்த வெள்ளிக்கிழமை. "நீ உன்ரயைத் தின்னாத. நானும் என்ரயைத் தின்னேல்லை. வந்த உடன ரெண்டு பேரும் உடைச்சு, ஆளுக்குப் பாதி மாத்தித் தின்னுவம்."

"எப்ப வருவீங்கள்?"

போன் அம்மா அசையாமல் நின்றுவிட்டார்.

அந்த மாதிரி நேரங்களில் கஜேந்தினிக்கு ஒரு சந்தேகம் வரும். தொடர்புதான் நின்றுபோனதா, அல்லது அம்மாதான் பேசாமல் நிற்கிறாரா?

சொக்லேற்றை அவள் அலுமாரியில் அம்மாவின் சேலைகளுக்கு நடுவே வைத்தாள். அதற்குப் பிறகு பிரித்துப் பார்க்கவில்லை. இடைக்கிடை கையை உள்ளே விட்டு, உறைக்கு மேலால் தொட்டுப் பார்ப்பாள். இருக்கிறது. அது போதும்.

சித்திரை வந்தது, வைகாசி வந்தது. மத்தியானங்களில் தகரச் சீற் கூரை கொதித்தது. அலுமாரியின் கதவு தொட முடியாமல் சுட்டது. சாயங்காலத்தில் எல்லாம் ஆறும். அடுத்த நாள் மறுபடி கொதிக்கும். அலுமாரிக்குள் என்ன நடக்கிறது என்று அவள் யோசிக்கவில்லை.

மார்கழி மாதத்தில் ஒரு நாள் அப்பா போனை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார். பொங்கலுக்கு மூன்று நாள் முன்னதாக அம்மா வந்துவிடுவார். இன்னும் இரண்டு கிழமைதான்.

கஜேந்தினி ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தாள். பங்குனிக்குப் பிறகு முதல் தடவையாக உறையைப் பிரித்தாள்.

உள்ளே இருந்தது சொக்லேற் மாதிரியே இல்லை. மேலெல்லாம் சாம்பல் வெள்ளை. பேரீச்ச மரங்கள் உருகிக் கரைந்து, கட்டங்களின் கோடு மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"அக்கா, சொக்லேற் கிழவியாப் போச்சு" என்றான் லக்ஷன்.

அப்பா வாங்கிப் பார்த்தார். அது பூஞ்சணம் என்றார். தின்றால் வயிற்றுக்குள் குத்தும், எறிந்துவிடு, அம்மா வரும்போது வேறொன்று கொண்டுவருவார் என்றார். அப்பா நல்லவர். வயல், எருமைகள், சமையல், பிள்ளைகளின் தலை வாரல் எல்லாவற்றையும் மூன்று வருடமாக ஒருவராகவே பார்த்து வந்தவர். ஆனால் வேறொன்று என்பது இது ஆகாது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

அன்று பின்னேரம் இன்னொன்றும் அவள் காதில் விழுந்தது. வேலியடியில் நின்ற அப்பா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தக் குவைத் வீட்டுக்காரர் திரும்பவும் வரச்சொல்லிக் கேக்கினமாம். இன்னும் ரெண்டு வருசத்துக்கு. அவா ஒண்டும் சொல்லேல்லை."

கஜேந்தினி சொக்லேற்றை எறியவில்லை.

மறுநாள் பாடசாலை விட்டதும் அதைத் தன் தோழி முனவ்வறாவிடம் காட்டினாள். முனவ்வறாவின் வாப்பா முபாறக், சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஆகவே எது பழுது, எது நல்லது என்பதெல்லாம் தனக்குத் தெரியும் என்பது முனவ்வறாவின் எண்ணம்.

அவள் மூக்கை வைத்து நீளமாக மணந்தாள். "பூஞ்சண மணம் இல்லையே. எங்கட கடையில பாணில பிடிக்கிறது பச்சையா இருக்கும். மயிர் மாதிரி எழும்பி நிக்கும். இதுக்கு மயிரே இல்லை."

"மொட்டைப் பூஞ்சணமோ?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே கஜேந்தினி வெள்ளைக்கு மேல் விரலை வைத்திருந்தாள். விரலை எடுத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

விரல் இருந்த இடத்தில் வெள்ளை இல்லை. அவள் துடைக்கவில்லை, தேய்க்கவும் இல்லை. சும்மா வைத்திருந்தாள். அந்த இடம் பழையபடி கபில நிறமாக இருந்தது.

அவள் இன்னொரு இடத்திலும் விரலை வைத்து எடுத்துப் பார்த்தாள். முனவ்வறா காத்திருந்தாள். கஜேந்தினி யோசிக்கும்போது இடையில் பேசினால் பதில் வராது என்று அவளுக்குத் தெரியும்.

"எங்கட குசினியில தேங்காயெண்ணெய்ப் போத்தல் இருக்கு" என்றாள் கஜேந்தினி கடைசியில். "மார்கழி விடியப்புறத்தில வெள்ளையாக் கட்டியா இருக்கும். பத்து மணிக்குத் தண்ணியாயிடும். பூஞ்சணம் எண்டா விரல் சூட்டுக்குக் கரையுமோ? இது கொழுப்பு. சொக்லேற்றுக்குள்ள இருந்த கொழுப்புத்தான் வெளியில வந்து நிக்குது."

ஒரு சின்னத் துணுக்கைக் கிள்ளி இருவரும் நாக்கில் வைத்தார்கள். மணல் மாதிரி நறநறத்தது. ஆனால் சொக்லேற்தான்.

அப்படியானால் அதைத் திரும்பப் பழையபடி ஆக்கலாம்.

கஜேந்தினி ஒரு கட்டத்தை மட்டும் உடைத்தாள். சுடுதண்ணீருக்கு மேல் ஒரு கிண்ணத்தை வைத்து, அதற்குள் உருக்கி, ஆறவிட்டாள். மறுநாள் காலையில் பார்த்தால் அது கோடு கோடாக வெளுத்திருந்தது. உடைத்தால் உடையவில்லை, சோம்பேறி மாதிரி வளைந்தது.

இரண்டாவது யோசனை முனவ்வறாவினுடையது. வறண்டு வெளுத்த எதற்கும் அவர்களின் ஊரான தண்ணீரூற்றில் மருந்து ஒன்றுதான். தலைமுடி வெளுத்தால் தேங்காயெண்ணெய். கால் வெடித்தால் தேங்காயெண்ணெய். கதவு கிரீச்சிட்டாலும் தேங்காயெண்ணெய். சொக்லேற்றுக்கு மட்டும் வேறு என்ன? இன்னொரு கட்டத்தை உருக்கி ஒரு கரண்டி எண்ணெய் விட்டார்கள். அற்புதமாக மினுங்கியது. ஆனால் இறுகவே இல்லை. அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும் வயல் சேறு போலவே கிடந்தது. லக்ஷன் அதில் தன் சிவப்புக் காரை ஓட்டினான்.

இப்போது பத்துக் கட்டங்கள்தான் மிச்சம்.

திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கும்போது கஜேந்தினி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அன்று மாணவத் தலைவி வரவில்லை. பிள்ளைகள் அங்கே ஒரு கூட்டம், இங்கே ஒரு கூட்டமாக நின்றார்கள். நடுவில் இடைவெளிகள். அந்த இடைவெளிகளுக்குள்ளால் முதலாம் வகுப்புக் குஞ்சுகள் நழுவி வெளியே ஓடிவந்தன. மற்ற நாட்களில் மாணவத் தலைவி முன்னால் போய் நிற்பார். அவருக்குப் பின்னால் எல்லோரும் நேராக, நெருக்கமாக நிற்பார்கள். அதே பிள்ளைகள்தான். நிற்கிற விதம்தான் வேறு.

கொழுப்பும் இப்படித்தானோ? கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மூலக்கூறுகள் நேராக அடுக்கி நின்றால் மினுங்கும், டக்கென்று உடையும். வெயிலில் வரிசை குலையும். ஆறும்போது திரும்ப நிற்கும், ஆனால் கண்டபடி நிற்கும். நாட்பட நாட்பட நழுவி வெளியே வரும். தேங்காயெண்ணெய் விட்டது இன்னும் மோசம். அது வேறு பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தியதுபோல. பிறகு வரிசை எப்படி வரும்?

அப்படியென்றால் சொக்லேற்றுக்கு ஒரு மாணவத் தலைவி வேண்டும். யார் அது?

அன்று பின்னேரம் அப்பா எருமைப்பாலைக் காய்ச்சி இறக்கினார். வழக்கம்போலச் சின்ன விரலை விட்டுச் சூடு பார்த்தார். பிறகு நேற்றைய தயிரில் எடுத்து வைத்திருந்த ஒரு கரண்டியைப் பாலுக்குள் விட்டுக் கலக்கினார். லக்ஷன் பால் இருந்த மண்முட்டியை ஆட்டப் போனான்.

"ஆட்டாதையடா. உறை ஊத்திக் கிடக்கு, உறையட்டும்."

கஜேந்தினி கையில் இருந்த புத்தகத்தை மூடினாள். மூன்று வருடமாக ஒவ்வொரு நாளும் பார்த்த வேலைதான். இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

நேற்று உறைந்ததில் ஒரு கரண்டி. அது பாலுக்குள் போய், எப்படி உறைய வேண்டும் என்று பாலுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. சொக்லேற்றும் உறைகிறது என்றுதானே சொல்கிறோம்? அதற்கும் உறை ஊற்ற வேண்டும். உருகாத, வரிசை குலையாத ஒரு துண்டு.

முனவ்வறா கடையிலிருந்து பளபளவென்று ஒரு சின்னச் சொக்லேற் கொண்டுவந்தாள். மூன்றாவது கட்டத்தை உருக்கி, ஆறவிட்டு, அதைச் சீவிப் போட்டுக் கலக்கினார்கள். காத்திருந்தார்கள்.

மறுபடியும் சேறு.

கஜேந்தினி கடைச் சொக்லேற்றின் உறையை எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். "சீனி. மரக்கறிக் கொழுப்பு."

"மரக்கறியோ?" முனவ்வறா திடுக்கிட்டாள். "கத்தரிக்காயிலையா கொழுப்பு எடுக்கிறாங்கள்?"

"வேற மரங்களின்ர கொழுப்பு எண்டு நினைக்கிறன். தேங்காயெண்ணெய் மாதிரி." அம்மா அனுப்பியதன் உறையில் கொக்கோக் கொழுப்பு என்று இருந்தது, அதை அவளுக்கு அப்பா வாசித்துச் சொல்லியிருந்தார். "உறை ஊத்தினது சரிதான், முனவ்வறா. ஆனா இது வேற வீட்டு உறை. ரெண்டும் சேராது. அதே சொக்லேற்றில உருகாத துண்டு வேணும்."

"அது எங்க கிடக்கு?"

அது எங்கே இருக்கிறது என்று கஜேந்தினிக்குத் தெரியும். குவைத்தில், குளிரூட்டிய ஓர் அறையில், ஒரு பெட்டிக்குள் இருக்கிறது.

அவள் மிச்சம் ஒன்பது கட்டங்களையும் சுற்றி, சேலைகளுக்கு நடுவே திரும்ப வைத்தாள்.

அம்மாவை அழைத்துவர அப்பா கொழும்புக்குப் போன வாடகை வான், பொங்கலுக்கு மூன்று நாள் முன்னர் காலை பத்து மணிக்கு வாசலில் வந்து நின்றது. முனவ்வறாவின் உம்மா இரண்டு பிள்ளைகளுக்கும் துணையாக நின்றிருந்தார். அம்மா இறங்கினார். போனில் தெரிந்ததைவிட மெலிந்திருந்தார். முக்காடு இல்லை.

லக்ஷன் கதவுச் சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். "இவா போன் அம்மா இல்லை. இவா பெரிசு" என்று அங்கிருந்தபடி அறிவித்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். கஜேந்தினியை அணைத்துக்கொண்டபோது வேறு ஏதோ சவர்க்கார மணம் வந்தது. என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. போனில் என்றால் "கேக்குதோ? கேக்குதோ?" என்றாவது கேட்கலாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா கைப்பையைத் திறந்தார். துவாய்க்குள் துவாயாகச் சுற்றிய ஒரு பொதியை எடுத்து மேசையில் வைத்தார். "எங்க, உன்ரயைக் கொண்டு வா."

கஜேந்தினி அசையாமல் நின்றாள்.

அம்மா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் பொதியைத் தானே பிரித்தார். சொக்லேற் மினுங்கியது. ஆனால் ஒரு மூலையில் ஒரு கட்டம் இல்லை.

"ஒண்டைத் திண்டிட்டன் பிள்ளை" என்றார் அம்மா, பிழை செய்த சின்னப் பிள்ளை மாதிரி. "ஆவணியில உனக்குக் காய்ச்சல். நீ என்னோட கதைக்க மாட்டன் எண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தனி. அண்டைக்கு ஒரு கட்டம் திண்டனான்."

கஜேந்தினி போய்த் தன்னுடையதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். வெள்ளை, சாம்பல், அழிந்துபோன மரங்கள், குறைந்துபோன மூன்று கட்டங்கள். எல்லாவற்றையும் சொன்னாள். மொட்டைப் பூஞ்சணம், தேங்காயெண்ணெய், கத்தரிக்காய்க் கொழுப்பு எதையும் விடவில்லை. அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். அசையாமல்தான் இருந்தார், ஆனால் இந்தத் தடவை அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதில் கஜேந்தினிக்குச் சந்தேகமே இல்லை.

"உங்கட ரெண்டு கட்டம் தருவீங்களோ?" என்று கேட்டாள். "உறைக்கு."

அடுத்த நாள் விடியற்காலை குளிராக இருந்தது. தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாகக் கட்டிபட்டிருந்தது. கஜேந்தினி அதைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டாள். இதுதான் நேரம்.

அம்மா அடுப்பை மூட்டிக் கொடுத்தார். சுடுதண்ணீருக்கு மேல் கிண்ணத்தில் ஒன்பது கட்டங்களும் உருகின. வெள்ளை முழுவதும் போயிற்று. கிண்ணத்தை இறக்கிக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அப்பா பாலுக்கு விரல் வைப்பதுபோல, அவள் ஒரு துளியைக் கீழுதட்டில் வைத்துப் பார்த்தாள். முதலில் சுட்டது. பிறகு சுடவில்லை. கடைசியில் மெல்லக் குளிர்வதுபோல் இருந்தது.

அப்போதுதான் அம்மாவின் இரண்டு கட்டங்களையும் சீவி உள்ளே போட்டாள். கலக்கினாள், கலக்கினாள். கை வலித்ததும் அம்மா வாங்கிக் கலக்கினார். அவருக்கு வலித்ததும் இவள் வாங்கினாள்.

லக்ஷனின் சாப்பாட்டுப் பெட்டி மூடியைக் கழுவித் துடைத்து, அதில் ஊற்றினார்கள்.

"ஆட்டாதையடா. உறை ஊத்திக் கிடக்கு" என்றாள் கஜேந்தினி. லக்ஷன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு காவல் இருந்தான்.

வெயில் முற்றத்துக்கு வருவதற்குள் அது இறுகிவிட்டது. மூடியைக் கவிழ்த்தாள். தட்டக்கூட வேண்டியிருக்கவில்லை, சொக்லேற் ஓரங்களில் சற்று ஒடுங்கி, தானாகவே கழன்று தட்டில் விழுந்தது. பேரீச்ச மரம் ஒன்றும் இல்லை. ஆனால் மினுங்கியது. கஜேந்தினி குனிந்து தன் மூக்கைப் பார்த்தாள். பக்கத்தில் அம்மாவின் மூக்கும் தெரிந்தது.

"உடை" என்றார் அம்மா.

டக்.

அந்தச் சத்தத்துக்கு அப்பா வேலியடியிலிருந்து எட்டிப் பார்த்தார். கஜேந்தினி தன் பாதியை அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா தன்னுடையதை உடைத்து அவளிடம் கொடுத்தார்.

"எனக்கு எந்தப் பாதி?" என்று கேட்டான் லக்ஷன்.

அவனுக்கும் அப்பாவுக்கும் கிடைத்தது. முனவ்வறாவுக்கென்று பெரிதாக ஒன்றை எடுத்து வைத்தார்கள். அதற்குப் பிறகு கஜேந்தினி அம்மா கொண்டுவந்ததில் இன்னொரு துண்டைத் தனியே எடுத்து, உறைக்குள் சுற்றத் தொடங்கினாள்.

"அது என்னத்துக்கு?" என்றார் அம்மா.

"உறைக்கு." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்கள் திரும்பப் போனா... பிறகு நான் வைச்சிருக்கிறது வெளுத்துப் போச்சுதெண்டா, உறைக்கு வேணும்."

அம்மா அந்தத் துண்டைப் பார்த்தார். முற்றத்தில் எருமைக்கன்று ஒன்று கத்தியது. பிறகு அவர் கையை நீட்டி, அவள் விரல்களுக்குள்ளிருந்து அந்தத் துண்டை எடுத்து, வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டிருந்த லக்ஷனின் வாய்க்குள் போட்டார்.

"இனிப் பாலுக்கு மட்டும் உறை வைச்சாப் போதும்" என்றார்.

கஜேந்தினி அதை இரண்டு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பாவும் அப்போதுதான் அதைக் கேட்டதுபோல நின்றார்.

அம்மா வெறுந்தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். லக்ஷன் அவர் சட்டையைப் பிடித்தபடி பின்னாலே போனான். பட அம்மாவா, போன் அம்மாவா என்று அவன் இப்போது கேட்கவில்லை. வாய் நிறையச் சொக்லேற் இருந்தது.

சற்று நேரத்தில் பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவே உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"கஜே! இஞ்ச ஒருக்கா வா பிள்ளை!"

அந்தப் பழைய குரல்தான்.

கஜேந்தினி உடனே போகவில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று முற்றத்திலேயே நின்றாள்.